கறிமீன் எங்கே, தம்பி?

வாசகர் கேள்வி:

வணக்கம் அம்மா. எனக்கு 27 வயது. சென்னையில் இருக்கும் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். உட்கார்ந்தே இருந்ததில் எடை 88 கிலோ ஆகிவிட்டது. வீடியோக்கள் பார்த்து ஆறு வாரமாகச் சமைக்காத உணவுக்கு மாறியிருக்கிறேன். காலையில் பழம். மதியம் முளைகட்டிய பயறு, தேங்காய், கேரட், முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி. ராத்திரி மறுபடியும் பழம். டீ, சோறு, மீன் எதுவும் கிடையாது. 5 கிலோ குறைந்திருக்கிறது. முதல் வாரம் முழுக்கத் தலைவலி. வயிற்று உப்புசம் இன்னும் போகவில்லை. உடம்பிலிருந்து கழிவு வெளியேறும் அறிகுறி என்கிறார்கள், சரியா? அடுத்த கட்டத்துக்கு எப்படிப் போவது? அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அவரையும் முழுதாக மாற்றிவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா? அம்மா ஓரளவு ஒத்துழைக்கிறார். அடுப்படிக் கொடியில் இப்போது பயறு கட்டும் துணிதான் தொங்குகிறது. அப்பா வல்லத்தில் கடலுக்குப் போகிறவர். மீன் வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாததால் இப்போதெல்லாம் அவர் கறிக்கு மீன் கொண்டுவருவதில்லை, எல்லாவற்றையும் ஏலத்தில் போட்டுவிடுகிறார். அதுவும் ஒரு வகையில் லாபம்தான். சாப்பாட்டை அவர் வெளியே பார்த்துக்கொள்கிறார்.

பெயர் வேண்டாம், பாம்பன்.

பதில்:

தம்பி, உனக்கு என் மகன் வயது. நீ என்றே எழுதுகிறேன்.

சமைக்காத உணவைப் பற்றி மாதம் நாலைந்து கடிதமாவது வந்துவிடுகிறது. தலைவலி, உப்புசம், குறைந்த எடை, அடுத்த கட்டம் என்று எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். உன் கடிதத்தையும் அந்தக் கட்டோடு சேர்க்கத்தான் போனேன். கடைசி மூன்று வரியில் கை நின்றுவிட்டது. கறிக்கு மீன் வருவதில்லை, அது லாபம், அப்பா வெளியே பார்த்துக்கொள்கிறார். மூன்றையும் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

கடற்கரையில் இல்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கறிமீன் என்றதும் மலையாளத்துக் கரிமீன் நினைவுக்கு வர வேண்டாம். வல்லம் கரையேறியதும், ஏலக்காரர் கூடையில் கை வைப்பதற்கு முன்னால், வீட்டுக் குழம்புக்கென்று ஒதுக்கும் மீன்தான் எங்கள் கரையில் கறிமீன். நல்ல பாடு, அதாவது நிறைய மீன், கிடைத்த நாளில் பாறையோ ஊளியோ இருக்கும். பாடு இல்லாத நாளில் நாலு காரலும் ஒரு கை சூடையும். வட்டிக்காரன் கரையில் நின்றாலும், நாளைய டீசலுக்குக் காசு இல்லாவிட்டாலும், அந்த ஒரு கை மீன் ஏலத்துக்குப் போகாது. ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று வீட்டுக்குப் போகிற தகவல் அது. அந்தத் தகவலின் விலையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றில் மாட்டியவர், எல்லை தாண்டினார் என்று பிடிபட்டு அக்கரைச் சிறையில் மாதக்கணக்கில் கிடந்தவர் என்று உன் தெருவிலேயே ஆள் இருப்பார்கள்.

அந்த மீனைத்தான் உன் அப்பா ஏலத்தில் போடுகிறார். எத்தனை ரூபாய் லாபம் வந்தது என்று ஒரு நாளாவது எண்ணிப் பார்த்தாயா?

கொண்டுவராதே என்று யாரும் அவரைத் தடுத்ததாக நீ எழுதவில்லை. வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று வாய்விட்டுச் சொன்னாயா, மூக்கைப் பொத்தினாயா, அதுவும் கடிதத்தில் இல்லை. எதுவானாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. கடலில் நீரின் நிறத்தைப் பார்த்தே மீன் இருக்கிறதா என்று சொல்கிற மனுஷருக்கு மகன் முகத்தைப் படிக்கத் தெரியாதா?

இதை ஊகித்து எழுதவில்லை, நானே செய்திருக்கிறேன். எனக்குத் தொண்டிப் பக்கம். மதுரையில் ஹாஸ்டலில் சேர்ந்து முதல் லீவுக்கு வந்தவள், அப்பா கூடையோடு திண்ணை ஏறியதும் தாவணித் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கிணற்றடியில் குளித்து, சட்டை மாற்றி, கொல்லை வழியாக வந்தார். நான் லீவுக்கு வந்தபோதெல்லாம் அப்படித்தான், சாகும்வரை. “அப்படியே வாங்கப்பா” என்று ஒரு தடவை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெளியே பார்த்துக்கொள்கிறார் என்றால் எங்கே? உங்கள் ஊர்க் கடைத்தெருவில் அந்த நேரத்துக்கு என்ன கிடைக்கும் என்று உனக்குத் தெரியும். விடிய விடிய வலை இழுத்தவர் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் முக்கித் தின்கிறார், இல்லையென்றால் இரண்டு வடையும் டீயும். முன்பு இதே நேரத்தில் வீட்டில் கஞ்சி, சுடச்சுட மீன் குழம்பு, எதிரில் உட்கார ஒரு ஆள். நீ உப்பில்லாமல் கேரட் கடிக்கிற வீட்டிலிருந்து உன் அப்பா மைதாவுக்குப் போயிருக்கிறார். உன் 5 கிலோ எங்கே போனது என்று கேட்டால் நான் அவர் வயிற்றைத்தான் காட்டுவேன்.

அம்மா “ஓரளவு ஒத்துழைக்கிறார்” என்கிறாய். மகன் பச்சையாகத் தின்கிறான், புருஷன் கடையில் தின்கிறார், தனக்கு மட்டும் எவள் உலை வைப்பாள்? அதற்கு ஒத்துழைப்பு என்று பெயர் வைத்திருக்கிறாய். மாத்திரையை நிறுத்தவே கூடாது. சர்க்கரை மாத்திரைகளில் சில, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ரத்தத்தில் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். மாத்திரையை மட்டும் போட்டுவிட்டுச் சோற்றை நிறுத்தினால் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயங்கி விழவும் கூடும். அதைக் கழிவு வெளியேறுகிறது என்று நீ பார்த்துக்கொண்டு நிற்பாய், அதுதான் என் பயம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாழைப்பழமும் சப்போட்டாவும் மட்டும் கொடுத்தால் எதிர்ப்பக்கம் ஏறும். சாப்பாட்டில் எதை மாற்றுவதானாலும், மாத்திரையைக் குறைப்பதானாலும், ரத்தத்தைப் பரிசோதித்து அவரைப் பார்க்கிற டாக்டர் சொல்ல வேண்டும். இந்த வாரமே அழைத்துப் போ.

இனி உன் கேள்விகள். இவற்றுக்குப் பதில் சுருக்கமானதுதான்.

முதல் வாரத் தலைவலிக்குப் பெரும்பாலும் காரணம் நீ திடீரென்று விட்ட டீ. பழகிய உடம்புக்குக் காஃபின் கிடைக்காவிட்டால் சில நாள் தலை இடிக்கும், பிறகு தானே போய்விடும். உப்புசம் முட்டைக்கோஸும் பயறும் செய்கிற வேலை. ஒரே வாரத்தில் நார்ச்சத்தை அள்ளிக் கொட்டினால் குடல் திணறாமல் என்ன செய்யும்? அளவைப் பாதியாக்கு, மெல்ல ஏற்று. கழிவை வெளியேற்றச் சிறுநீரகமும் கல்லீரலும் பிறந்த நாளிலிருந்து வேலை பார்க்கின்றன, அவை ப்ரோக்கோலிக்காகக் காத்திருக்கவில்லை. (ப்ரோக்கோலியை மதுரையிலிருந்து வரவழைக்கிறாயா? ஐயோ.)

முளைகட்டுவதில் ஒரு எச்சரிக்கை. பயறு முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும்தான் கிருமிக்கும் வேண்டியது. எட்டு மணி நேரம் ஊறவை, வடித்துக் கட்டு. நம் வெக்கையில் ஒரு நாளைக்கு மேல் வைக்காதே. பிசுபிசுத்தாலோ வாடை வந்தாலோ கொட்டிவிடு. துணியைத் தினமும் வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும், அடுப்படிக் கொடியில் இல்லை. கழுவுவது குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும். அந்தக் குடத்தை வீட்டுக்குச் சுமந்து வருவது யார் என்றும் பார்த்துக்கொள். அம்மா பயறு சாப்பிடுவதானால் ஆவியில் வேகவைத்தே கொடு. மரவள்ளியைப் பச்சையாகத் தொடாதே, அதில் சயனைடு உண்டாகும். ராஜ்மா, மொச்சை இரண்டையும் நன்றாக வேகவைக்காமல் தின்னக் கூடாது. கேரட்டைக் கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கினால் அதிலிருக்கிற ஏ சத்து உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். நெல்லிக்காயும் கொய்யாவும் பச்சையில்தான் சிறப்பு, சூட்டில் அதன் சி சத்து குறைந்துவிடும். ஒவ்வொன்றுக்கு ஒவ்வொரு பக்குவம் என்று ஆத்தாமார் சொன்னது இதைத்தான்.

நீ எடுத்திருப்பது புது வழியும் இல்லை. 1929-ல் காந்தி சபர்மதி ஆசிரமத்தில் கூட இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு சமைக்காத உணவைச் சோதித்துப் பார்த்தார். சில மாதத்தில் வயிறு கெட்டது, நிறுத்தினார். தொடங்கியதைத் தன் ‘யங் இந்தியா’ பத்திரிகையில் எழுதியவர், நிறுத்தியதையும் மறைக்கவில்லை. உன் வீடியோக்காரர்களில் யாராவது விட்டதைப் பற்றி ஒரு வீடியோ போட்டிருக்கிறார்களா, தேடிப் பார்.

பி12 என்று ஒரு சத்து இருக்கிறது. அதை நம்பி எடுத்துக்கொள்ளக் காய்கனியில் வழி கிடையாது. மீன், முட்டை, பால், இறைச்சி, இல்லையென்றால் மாத்திரை. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் ஆறு வாரத்தில் ஒன்றும் தெரியாது. வருஷங்கள் போன பிறகு கால் மரத்துப்போகும், ரத்தம் குறையும், மறதி வரும். சாளையிலும் சூடையிலும் பி12 நிறைய உண்டு, ஒமேகா-3 கொழுப்பும் உண்டு, முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். இன்னும் ஒரு வருஷம் போனால் எந்தக் கம்பெனி மாத்திரை நல்லது என்று கேட்டு எனக்கு எழுதுவாய். அந்தச் சரக்கைத்தான் உன் அப்பா தினமும் காலையில் ஏலத்தில் விட்டுக்கொண்டிருக்கிறார்.

பச்சை என்ற சொல்லே நம் கரையில் வேறு மாதிரிதான் புழங்குகிறது. பச்சை மீன் என்றால் கருவாடு ஆகாத மீன் என்று அர்த்தம், அடுப்பில் ஏறாத மீன் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அடுப்பு ஏறாத தீனி நமக்குப் பழக்கமில்லாததும் இல்லை. கோடையில் நுங்கு, பனங்கொட்டை முளைவிட்டால் உள்ளே தவண், வெள்ளரிப் பிஞ்சு, பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயம். (பதநீர் இனிப்பு, எடை குறைக்கிற உனக்கு ஒரு டம்ளர் போதும்.) இதெல்லாம் தின்றுதான் வளர்ந்தாய். அப்போது யாரும் உனக்காக அடுப்பை அணைக்கவில்லை.

காலைச் சாப்பாட்டை மட்டும் பழமாக வைத்துக்கொள். மதியம் சோற்றைக் குறை, காயைக் கூட்டு. ராத்திரி சீக்கிரம் முடி. 88 கிலோவுக்கு அதுவும் தினமும் ஒரு மணி நேர நடையும் போதும். உன் தட்டில் என்ன இருக்கிறது என்பது உன் விருப்பம். அடுப்பு மூன்று பேருடையது. பெற்றவர்கள் இருக்கிற வீட்டில் ஒருவன் நோன்புக்காக அடுப்பு அணையக் கூடாது என்பது என் கட்சி. பழைய காலத்துப் பேச்சு என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

நடையைக் கரைப் பக்கம் வைத்துக்கொள். வல்லம் எப்போது வரும் என்று உனக்குத் தெரியும், அந்த நேரத்தில் லேப்டாப்பை மூடு. கூடைக்கு ஒரு கை கொடு. ஏலம் கூறுவதற்கு முன்னால், நாலு பேர் காதில் விழும்படி, “கறிக்கு எடுங்கப்பா” என்று கேள். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். அவரும் ஒன்றும் பேச மாட்டார், “உனக்குத்தான் ஆகாதே” என்று முனகுவார், அவ்வளவுதான். அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்காதே, மீனைப் பார். நகரை மீன் இருந்தால் அதைக் கேள், அம்மாவுக்கு ஆய்வது சுலபம். வீட்டுக்கு நீயே தூக்கிக்கொண்டு வா. சாப்பிடவும் வேண்டுமா என்று கேட்டால், சாப்பிடு என்றுதான் சொல்வேன். முடியாது என்றால் உன் பழத்தட்டை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் போய் உட்கார், அவர் கை கழுவுகிற வரைக்கும் எழுந்திருக்காதே.

கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பயறுத் துணியைக் கொடியிலிருந்து எடுத்துவிடு. சட்டி ஏறினால் மீன் வாடை பிடித்துக்கொள்ளும்.