மகனுக்கு நிறை கூடுது, பள்ளிக்கூடம் போகமாட்டன் என்கிறான்: டயட் தொடங்கலாமா?

இப்போதைக்கு டயட் வேண்டாம். நிறையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, செவ்வாயும் வியாழனும் மட்டும் அவனுக்கு வயிற்றுக்குத்து வருகிறது என்று நீங்கள் எழுதியதுதான். நேரசூசியை எடுத்துப் பாருங்கள். விளையாட்டுப் பாடம் அந்த நாட்களில் என்றால், உடுப்பு மாற்றும்போது யாரோ பகிடி பண்ணுகிறார்கள் என்பதே என் ஊகம். பகிடிக்குப் பயந்து விளையாட்டை விடுவான், மனம் நொந்து இரவில் ஒளித்துச் சாப்பிடுவான், நிறை இன்னும் கூடும்.

இருத்தி வைத்து விசாரிக்காதீர்கள். ரியூசனுக்கு மோட்டார்சைக்கிளில் ஏற்றிப் போகும்போது மெல்லக் கதை கொடுங்கள். முகம் பார்க்காத இடத்தில் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அம்மம்மா ‘குண்டன்’ என்று செல்லமாகக் கூப்பிடுவதும் நிற்க வேண்டும் (கஷ்டம்தான்). பணிஸ், சோடா வாங்குவதை வீட்டில் எல்லோருக்குமே நிறுத்துங்கள், அவனுக்கு மட்டும் தனிச்சட்டம் வேண்டாம்.

நிறை ஏறியும் உயரம் கூடாமல் நின்றிருந்தால் தைரொயிட் போன்ற சுரப்பிப் பிரச்சினையாக இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள். சாவைப் பற்றி ஏதும் கதைத்தால் கிளினிக் நாள் பார்க்காமல் உடனே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், அல்லது இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள்.