என் மேலதிகாரியிடம் என் தேவைகளை எப்படிச் சொல்வது? கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்துகொண்டு, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் தயக்கம் எனக்கும் இருந்தது. அதைவிட மோசமான ஒன்றும் என்னிடம் இருந்தது: கேட்காமலேயே, கேட்டுவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, மாதம் ஒருமுறை அவரைக் கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. புறநோயாளிகள் பிரிவில் காலையிலேயே போய் வரிசையில் நின்றால்தான் வேலை நடக்கும். அதற்கு முந்தைய இரவு எனக்கு சி ஷிப்ட் விழுந்துவிட்டால், காலை 6 மணிக்கு ரிலீவர் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் நான் இடத்தை விட்டு நகர முடியாது. அவரோ 7 மணிக்கு முன்னால் வந்ததாக எனக்கு நினைவில்லை. அண்ணன் அப்பாவைக் கடலூரிலிருந்து பேருந்தில் அழைத்துவந்து, மருத்துவமனை வாசலில் என் தொலைபேசிக்காகக் காத்திருப்பார்.

"சார், வீட்டுல கொஞ்சம் கஷ்டமா இருக்கு" என்று என் இன்சார்ஜிடம் மூன்று மாதங்களில் மூன்று முறை சொன்னேன். "யாருக்குத்தாம்பா கஷ்டம் இல்ல" என்று அவரும் மூன்று முறை பதில் சொன்னார். நான் கோரிக்கை வைத்துவிட்டதாக நினைத்தேன். அவர் ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைத்தார். நான்காவது மாதம் நாலு பேர் முன்னிலையில் குரலை உயர்த்திவிட்டேன். அவர் கோபப்படாமல், "உனக்கு எந்தத் தேதி வேணும்னு என்னைக்காவது சொன்னியா?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தால், சொன்னதே இல்லை.

இன்னொரு விஷயமும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்த மாதத்து ஷிப்ட் சார்ட்டை அவர் 25ஆம் தேதிக்குள் முடித்துக் கையெழுத்துக்கு அனுப்பிவிடுவார். நானோ அது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட பிறகு, 28, 29ஆம் தேதிகளில் போய்ப் புலம்பிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு நாளை மாற்ற வேண்டுமானால், இன்னொருவனுடைய தூக்கத்தைப் பறித்து, மேலே ஒருவருக்கு விளக்கமும் சொல்ல வேண்டிய நிலை அவருக்கு. சம்பள உயர்விலும் இதே கதைதான். நான் வேலை பார்த்த இடத்தில் அடுத்த நிதியாண்டுக்கான தொகையைப் பிப்ரவரிக்குள் பிரிவுவாரியாக ஒதுக்கிவிடுவார்கள். ஏப்ரலில் கடிதம் கைக்கு வந்த பிறகு கொதித்துப் போய்க் கேட்டவர்கள் யாருக்கும் ஒரு ரூபாய் கூடியதை நான் பார்த்ததில்லை. உங்கள் மேலதிகாரியின் கையில் முடிவு எந்த நாள் வரைக்கும் இருக்கிறது என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் 18ஆம் தேதி, மாலைத் தேநீருக்குப் பிறகு அவர் தனியாக இருந்தபோது, ஒரு தாளுடன் போனேன். அப்பாவின் அடுத்த மூன்று மருத்துவமனைத் தேதிகளும், அவற்றுக்கு முந்தைய இரவு எனக்கு சி ஷிப்ட் வேண்டாம் என்பதும், அதற்கு ஈடாக நான் செய்யக்கூடியதும் அதில் இருந்தன. புதுச்சேரிக்கே உரிய விடுமுறைகளான ஆகஸ்ட் 16, நவம்பர் 1 ஆகிய நாட்களில் உள்ளூர்க்காரர்கள் வேலைக்கு வரத் தயங்குவார்கள். கடலூரில் என் பிள்ளைகளுக்கு அன்று வழக்கம்போல் பள்ளிக்கூடம், எனக்கு வீட்டில் வேலையில்லை. ஆகவே அந்த நாட்களில் நான் வருகிறேன் என்று எழுதியிருந்தேன். (எல்லையைத் தாண்டி வேலைக்குப் போவதில் கிடைத்த ஒரே லாபம் இதுதான் என்று இப்போதும் வீட்டில் சொல்வேன்.) மூன்றில் இரண்டு தேதிகளை உடனே ஒத்துக்கொண்டார்; மூன்றாவதற்கு ஆள் இல்லை என்றார். ரிலீவர் தாமதத்தைப் பற்றிச் சொன்னபோது, "நீ வாயால சொன்னா நான் யாருகிட்ட என்னன்னு பேசுறது? ஒப்படைக்கிற நேரத்த ரெஜிஸ்டர்ல தினம் எழுது" என்றார். எழுதினேன். இரண்டு மாதங்களில் 6.10க்கு ஆள் வந்தார்.

அதே பேச்சில், என்னிடம் அவருக்கு என்ன குறை என்றும் கேட்டேன். இரவில் எடுத்த மாதிரிகளின் முடிவு 7.30க்கு முன் மேசையில் இருந்தால்தான் உற்பத்திக் கூட்டத்தில் தன்னால் வாய் திறக்க முடிகிறது என்றார். நான்கு ஆண்டுகளாக அதை 8 மணிக்கு அனுப்பிவந்தவன் நான். அவரும் என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

ஒரு எச்சரிக்கை. சலுகையையும் உரிமையையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். தொழிற்சாலையில் கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்துடன் விடுப்பும் அப்படித்தான். அவற்றை "தயவுசெய்து" என்று கெஞ்ச வேண்டியதில்லை. கணக்கை எழுதி, விடுபட்டிருக்கிறது என்று கொடுத்தால் போதும். ஷிப்ட் மாற்றம் போன்றவற்றுக்குத்தான் பேச்சும் பொறுமையும் கொடுக்கல் வாங்கலும் தேவைப்படுகின்றன. இரண்டையும் கலந்தால், உரிமை சலுகையாகிவிடும். சலுகை மிரட்டலாகத் தெரியும்.

எல்லா மேலதிகாரிகளும் இப்படி இறங்கி வருவார்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பின்னர் வாய்த்த ஒருவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்ததோடு சரி. அப்படிப்பட்டவரிடம் பேசிய அன்றே, "இன்று இதைக் கேட்டேன், பார்க்கிறேன் என்று சொன்னீர்கள்" என இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நல்லது.

உங்கள் கேள்வியை மறுபடியும் படித்துப் பார்த்தேன். தேவை என்ன என்பதை நீங்கள் எங்களிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைத் தேதியோடு இன்றைக்கு எழுதிப் பாருங்கள்.