கேட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவரின் பதில்கள். 1988-ல் எஸ்.ஐ.யாகப் பணியில் சேர்ந்து, சேப்பாக்கம் முதல் பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கம் வரை பல சர்வதேசப் போட்டிகளுக்குப் பந்தோபஸ்து பார்த்தவர்.

கேள்வி: சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில், பெல்ஸ் ரோட்டை ஒட்டிய சந்தில் முப்பது வருடமாகக் குடியிருக்கிறோம். மாமனாருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மேட்ச் அன்றைக்கு ஆட்டோ உள்ளே வராது. பேரிகார்டு வரை அவரைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போகிறேன். வெளிநாட்டு வீரர்களுக்குப் பாதுகாப்பு வேண்டியதுதான். அதற்கு நாங்கள் என்ன தப்பு செய்தோம்? (வாசகி, திருவல்லிக்கேணி)

பதில்: ஒரு தப்பும் செய்யவில்லை அம்மா. தப்பு எங்கள் பக்கம்தான். எப்படி என்று சொல்கிறேன்.

பந்தோபஸ்து ஸ்கீம் எழுதும்போது மைதானத்தைச் சுற்றி மூன்று வளையம் போடுவோம். உள்ளே ஒன்று, கேட்டையும் சோதனையையும் சுற்றி ஒன்று, வண்டிகளை மறிப்பதற்கு வெளியே ஒன்று. வெடிபொருள் வைத்த வண்டி கூட்டத்தை நெருங்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வெளி வளையம். அது வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வரைபடத்தில் கோடு போடும்போது உங்கள் சந்து வெறும் சந்தாகத்தான் தெரியும். அதற்குள் யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது தெரியாது.

2008 டிசம்பரில் இதை நான் நேரில் அனுபவித்தேன். மும்பைத் தாக்குதல் நடந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஊருக்குத் திரும்பிப் போயிருந்த இங்கிலாந்து அணி மறுபடி வந்தது. அகமதாபாத்தில் நடக்க வேண்டிய டெஸ்ட் சேப்பாக்கத்துக்கு மாறியது. ஸ்டிக்கர் இல்லாத வண்டி ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது என்று உத்தரவு. கடைசி நாள், இந்தியா 387 ரன்னைத் துரத்திக்கொண்டிருந்தது. மதியம் என் பேரிகார்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே வலி எடுத்த பெண், பக்கத்தில் அவர் அம்மா. கோஷா ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நான் வயர்லெஸ் மைக்கில் மேலதிகாரியிடம் அனுமதி கேட்டேன். பதில் வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். நான் யாரையும் கேட்காமல் பேரிகார்டை நகர்த்தியிருக்க வேண்டும். நகர்த்தவில்லை. டூட்டி முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தேன். பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்றார்கள். அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு ஸ்கீமிலும் முதல் பக்கத்தில் வீரர்களின் பஸ் வரும் வழி இருக்காது. ஆம்புலன்ஸ் வழி இருக்கும். எந்தப் பேரிகார்டை எந்தக் காவலர் யாரையும் கேட்காமல் திறக்கலாம் என்றும் எழுதியிருப்பேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவைச் சேன் நதியின்மேல் நடத்தினார்கள். அன்றைக்கு சுமார் 45,000 போலீஸ். கரையோரம் குடியிருந்தவர்கள் முன்கூட்டியே பதிவு செய்து க்யூஆர் கோடு வாங்கிக்கொண்டார்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அதைக் காட்டித்தான் வீட்டுக்குப் போக முடிந்தது. வியாபாரம் படுத்துவிட்டது என்று அங்கேயும் கடைக்காரர்கள் கொதித்தார்கள். ஆனாலும் குடியிருப்பவரை முன்னாலேயே கணக்கில் எடுக்கும் பழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

மேட்ச் தேதி அறிவித்ததும், டயாலிசிஸ் அட்டையின் நகலோடு உங்கள் ஸ்டேஷனில் மனு கொடுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். உங்கள் தெருமுனையில் டூட்டி பார்க்கப்போகும் அதிகாரியின் நம்பரைக் கேளுங்கள். தயங்க வேண்டாம் அம்மா, அது சலுகை இல்லை.

கேள்வி: விளையாட்டுக்கு இத்தனை போலீஸ் எப்போதிலிருந்து? (கல்லூரி மாணவர், தாம்பரம்)

பதில்: 1972 செப்டம்பர் 5-லிருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. மியூனிக் ஒலிம்பிக். 1936-ல் ஹிட்லர் காலத்தில் பெர்லினில் நடந்த ஒலிம்பிக்கின் நினைவை அழிக்க வேண்டும் என்று ஜெர்மானியர்கள் நினைத்தார்கள். அதனால் துப்பாக்கி கண்ணில் படாதபடி, வெளிர்நீலச் சீருடையில் ஆயுதமில்லாத காவலர்களை நிறுத்தினார்கள். வீரர்கள் தங்கிய கிராமத்துக்குச் சாதாரண வேலிதான். ராத்திரி நேரம் கழித்து வரும் வீரர்கள் அதில் ஏறிக் குதிப்பது வழக்கம். அதனால் விடியற்காலையில் டிராக் சூட் போட்டு, பையோடு ஏறிக் குதித்தவர்களை யாரும் சந்தேகிக்கவில்லை. அவர்கள் பாலஸ்தீனத் தீவிரவாதிகள். இஸ்ரேல் அணியினரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்தார்கள். அந்த அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு ஜெர்மன் போலீஸ்காரரும் இறந்தார்.

பயிற்சி வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இன்னொரு விஷயம். மீட்புக்காகப் போலீஸார் மாடியில் ஏறியதை டி.வி. நேரலையில் காட்டியது. உள்ளே இருந்த தீவிரவாதிகளும் அதே டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முயற்சியையே கைவிட வேண்டியதாயிற்று. இன்றைக்கு ஒவ்வொருவர் கையிலும் ஒரு நேரலை இருக்கிறது.

கேள்வி: தண்ணீர் பாட்டிலைக்கூடப் பிடுங்குகிறார்களே, நியாயமா? (வாசகர், கொளத்தூர்)

பதில்: 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டம் நடந்தபோது சேப்பாக்கத்துக்குள் வீரர்களை நோக்கிச் செருப்பு பறந்தது. சென்னையில் நடக்க வேண்டிய மீதி ஐ.பி.எல். ஆட்டங்கள் புனேவுக்குப் போய்விட்டன. கையில் இருப்பதெல்லாம் எறிபொருள் ஆகும் என்பதால்தான் பாட்டிலுக்குத் தடை. ஆனால் பாட்டிலை வாங்கிக்கொண்டால் உள்ளே இலவசமாகக் குடிநீர் கொடுத்தே ஆக வேண்டும். 2024 அக்டோபரில் மெரினா விமான சாகசத்துக்கு வந்தவர்களில் ஐந்து பேர் வெயில் கொடுமையில் இறந்தார்கள். குடிநீரும் பாதுகாப்பு ஏற்பாடுதான்.

கேள்வி: தீவிரவாதி, கூட்டம். உங்களுக்கு எதில் பயம் அதிகம்? (வாசகி, மயிலாப்பூர்)

பதில்: கேட்டுக்கு வெளியே நிற்கும் கூட்டத்தை நினைத்துத்தான் பயம். தீவிரவாதிக்கும் அதுதான் தெரியும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் குண்டு வெடித்தது மைதானத்தில் இல்லை, டிக்கெட் தேவையில்லாத பூங்காவில். பெஞ்சுக்கு அடியில் கிடந்த பையை ஒரு காவலாளி பார்த்துச் சொன்னதால்தான் பலர் பிழைத்தார்கள். பிறகு பல வாரங்கள் அவரையே குற்றவாளிபோல் நடத்தியதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. குண்டு இருக்கிறது என்று அவசர எண்ணுக்கு முன்பே போன் வந்திருந்தது. அந்தப் பூங்காவின் முகவரி கம்ப்யூட்டரில் இல்லாததால் தகவலை அனுப்பத் தாமதமானது. கோடிக்கணக்கில் செலவு செய்து, ஒரு முகவரியை ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள். 2015 நவம்பரில் பாரிஸ் கால்பந்து மைதானத்திலும் மனித வெடிகுண்டுகள் மூன்றும் வெடித்தது வெளியேதான்.

குண்டே இல்லாமலும் சாவு வரும். 2025 ஜூன் 4, பெங்களூரு சின்னசாமி மைதானம். முந்தின நாள் ராத்திரி பெங்களூரு அணி ஐ.பி.எல். கோப்பையை ஜெயித்தது, மறுநாளே விழா. கேட்டுகளில் நசுங்கி 11 பேர் போனார்கள். எந்தக் கேட் எத்தனை மணிக்குத் திறக்கும், நிரம்பிவிட்டால் திரும்பிப் போகிறவர்களுக்கு வழி எது என்பதையெல்லாம் ஒரே ராத்திரியில் யாராலும் எழுத முடியாது. 2022 செஸ் ஒலிம்பியாட்டுக்கு நமக்குக் கிடைத்த நான்கு மாதமே மிகவும் குறைவு. முடியாத நாளில் முடியாது என்று எழுத்தில் கொடுக்கும் துணிச்சல் அதிகாரிக்கு வேண்டும்.

கேள்வி: இத்தனை மேட்ச்சுக்கு டூட்டி பார்த்தீர்களே, ஒன்றையாவது பார்த்தீர்களா? (வாசகர், ராயபுரம்)

பதில்: எல்லைக்கோட்டுப் பக்கம் நிற்கும் போலீஸ்காரருக்கு ஆட்டம் முதுகுக்குப் பின்னால் நடக்கும். முகம் கேலரியைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். 1999 ஜனவரி, பாகிஸ்தான் டெஸ்ட். அந்தத் தொடரை நடத்தக்கூடாது என்று டெல்லி ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சென்னையில் ஒவ்வொரு பாயிண்ட்டிலும் இரட்டிப்புப் போலீஸ். நான்காம் நாள் சச்சின் 136-ல் அவுட் ஆனது அந்த முகங்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் கேலரி முழுக்க நிசப்தம். 12 ரன்னில் தோற்றுவிட்டோம். கலவரம் வரும் என்று லத்தியை இறுக்கிப் பிடித்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்றார். கண்ணில் தண்ணீர், கை தட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவர் பின்னால் இருந்தவர்கள், பிறகு எல்லோரும். யாருக்குத் தட்டுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. டூட்டியில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.