கணினி கேள்வி-பதில்: கறுப்பு விண்டோவிலிருந்து ஒரு பாப்-அப்

(கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

ஈரோட்டில் கணக்கு எழுதும் அலுவலகம் வைத்திருக்கிறேன். சாயங்காலம் பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) ஒன்று கணக்கு ஃபைல்களை வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுக்கிறது. முடிந்ததும் 'பேக்கப் முடிந்தது' என்று ஒரு பெட்டி வரட்டும் என்று எம்-எஸ்-ஜி கட்டளையைக் கடைசி வரியில் போட்டேன். அலுவலகத்தில் வருகிறது. வீட்டு லேப்டாப்பில் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. என்ன கோளாறு?

கோளாறு ஒன்றும் இல்லை. விண்டோஸ் ஹோம் பதிப்பில் அந்தக் கட்டளையை வைப்பதில்லை, புரோவிலும் அதற்கு மேற்பட்டவற்றிலும்தான் உண்டு. உங்கள் லேப்டாப் ஹோமாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கிற இடத்தில் பயன்படுத்துவது சுலபம்தான்: எம்-எஸ்-ஜி, ஒரு இடைவெளி, நட்சத்திரக் குறி, பிறகு சொல்ல வேண்டிய செய்தி. நட்சத்திரம் என்றால் அந்தக் கணினியில் லாகின் ஆகியிருக்கும் எல்லோருக்கும். சாய்கோடு போட்டு டைம், முக்காற்புள்ளி, 30 என்று சேர்த்தால் 30 வினாடியில் பெட்டி தானாக மறையும். சாய்கோடு டபிள்யூ சேர்த்தால் ஆள் ஓகே அழுத்தும்வரை பேட்ச் ஃபைல் அடுத்த வரிக்குப் போகாது.

ஆனால் அதில் ஓகே தவிர வேறு பட்டன் கிடையாது. 'டிஸ்க்கைக் கழற்றலாமா, வேண்டாமா' என்று கேட்டுப் பதில் வாங்க முடியாது. அதற்கு இரண்டு கணினியிலும் ஓடக்கூடிய வழி, நோட்பேடில் ஒரே வரியில் எழுதும் விபிஸ்கிரிப்ட் (விண்டோஸின் சின்ன நிரல் மொழி) ஃபைல்தான். எம்எஸ்ஜிபாக்ஸ், அடைப்புக்குறிக்குள் மேற்கோளில் செய்தி, காற்புள்ளி, ஒரு எண், காற்புள்ளி, மேற்கோளில் தலைப்பு, அவ்வளவே. சூட்சுமம் எல்லாம் நடுவில் உள்ள எண்ணில் இருக்கிறது. ஆம்-இல்லை பட்டனுக்கு 4, கேள்விக்குறிப் படத்துக்கு 32, மற்ற விண்டோக்களுக்கு மேலேயே நிற்க 4096. மூன்றும் வேண்டுமென்றால் கூட்டி 4132 என்று போடுங்கள். ஆம் அழுத்தினால் 6, இல்லை அழுத்தினால் 7 திரும்பி வரும். அந்த எண்ணை டபிள்யூஸ்கிரிப்ட் குவிட்டிடம் (ஸ்கிரிப்டை முடித்துவைக்கும் கட்டளை) கொடுத்துவிட்டால், பேட்ச் ஃபைலில் எரர்லெவல் (முந்தைய வேலை விட்டுச்சென்ற எண்) 6-ஆ என்று பார்த்து அதற்கேற்பப் பிரித்துக்கொள்ளலாம். கூப்பிடும்போது ஸ்டார்ட்டுடன் சாய்கோடு வெயிட் சேர்த்துக் கூப்பிடுங்கள், பதில் வரும்வரை அது காத்திருக்கும்.

இன்னொரு விஷயம், ஆள் இல்லாத நேரத்தில் பெட்டி ராத்திரி முழுக்கக் காத்துக்கொண்டு நிற்கக் கூடாது. அப்படிப்பட்ட வேலைக்கு எம்எஸ்ஜிபாக்ஸை விட்டுவிட்டு டபிள்யூஸ்கிரிப்ட் ஷெல்லின் பாப்அப்பைப் பிடியுங்கள். அதில் வினாடிக் கணக்கு கொடுக்கலாம், யாரும் அழுத்தாமல் நேரம் முடிந்தால் கழித்தல் 1 திரும்பும். ஆள் 'இல்லை' என்று சொன்னதும் ஆளே இல்லாததும் வேறு வேறு அல்லவா, பேக்கப் விஷயத்தில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. விபிஸ்கிரிப்டை ஓய்வுக்கு அனுப்பப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. உடனே நிற்காது, ஆனால் புதிதாக எழுதுபவர் விண்டோஸின் இன்னொரு கட்டளை மொழியான பவர்ஷெல்லுக்குப் போவது நல்லது. அங்கே ஆட்-டைப் கட்டளையால் பிரசன்டேஷன்ஃபிரேம்வொர்க்கை ஏற்றிவிட்டு மெசேஜ்பாக்ஸின் ஷோவை அழைத்தால் அதே பெட்டி வரும், பதில் எண்ணாக இல்லாமல் யெஸ், நோ என்று எழுத்தாகவே வரும். இணையத்தில் சிலர் எம்எஸ்எச்டிஏ என்ற விண்டோஸ் புரோகிராமை வைத்து ஒரே வரியில் காட்டும் வித்தையைச் சொல்லித் தருவார்கள். கெட்ட புரோகிராம்கள் அந்த வழியை அதிகம் பயன்படுத்துவதால் ஆன்டிவைரஸ் உங்களையும் சந்தேகப்படும், வேண்டாம்.

அதே மாதிரி ஃபைலை டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் விண்டோஸ் வசதி) போட்டேன். கையால் ஓட்டினால் பெட்டி வருகிறது, ஷெட்யூலரில் ஓடினால் வருவதில்லை. ஆனால் 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்றே காட்டுகிறது.

பெட்டி வந்துதான் இருக்கிறது, உங்கள் திரையில் இல்லை. பாப்-அப் பற்றி வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே விஷயம்தான்: பெட்டியை எப்படி வரவைப்பது என்பது சின்னக் கேள்வி, யாருடைய திரையில் வருகிறது என்பதுதான் பெரிய கேள்வி. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் தன் சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் புரோகிராம்களை) எல்லாம் செஷன் 0 என்ற தனி இடத்தில் ஓட்டுகிறது. உட்கார்ந்து வேலை பார்ப்பவர் 1 அல்லது அதற்கு மேற்பட்ட செஷனில் இருப்பார். டாஸ்க்கை அமைக்கும்போது 'பயனர் லாகின் ஆகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது யார் கண்ணிலும் படாத இடத்தில் ஓடி, யாருமே அழுத்த முடியாத ஓகே பட்டனுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். 'லாகின் ஆகியிருந்தால் மட்டும் ஓட்டு' என்று மாற்றுங்கள், பெட்டி முன்னால் வந்துவிடும். ஷெட்யூலரிலேயே 'செய்தி காட்டு' என்று ஒரு வசதி இருக்குமே என்று தேட வேண்டாம், விண்டோஸ் 8 வந்தபோதே அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

முன்பு கல்லூரி லேபில் நெட் செண்ட் என்று தட்டிப் பக்கத்துக் கணினிக்குச் செய்தி அனுப்புவோம். இப்போது ஏன் இல்லை?

நல்ல நாட்கள். விண்டோஸ் 2000, எக்ஸ்பி இரண்டிலும் அது இருந்தது, பின்னால் மெசஞ்சர் என்ற சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கெடுத்தது விளம்பரக்காரர்கள். இணையத்தோடு நேரடியாக இணைந்த கணினிக்கு எங்கிருந்தோ ஒருவன் பெட்டி பெட்டியாக விளம்பரம் அனுப்பலாம் என்று 2002 வாக்கில் கண்டுபிடித்துக்கொண்டார்கள். 2003 அக்டோபரில் அதே சர்வீஸில் ஒரு பாதுகாப்பு ஓட்டையும் வெளியே வந்தது. 2004-இல் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கோடு அதை அணைத்து வைத்தார்கள், விஸ்டாவில் ஆளையே காணோம்.

இப்போது அந்த வேலைக்கு இருப்பது மேலே சொன்ன எம்-எஸ்-ஜிதான், சாய்கோடு சர்வர், முக்காற்புள்ளி, அந்தக் கணினியின் பெயர் என்று சேர்த்து அனுப்ப வேண்டும். பெரும்பாலும் 'எரர் 5' என்று முகத்தில் அடிக்கும், அனுமதி இல்லை என்று அர்த்தம். செய்தி பெறும் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) டெர்மினல் சர்வர் கீயின் கீழ் அலவ்ரிமோட்ஆர்பிசி என்ற மதிப்பை 1 ஆக்கி, உங்கள் அக்கவுண்டுக்கு அங்கே உரிமையும் கொடுத்தால் போகும். ஒரு லேபுக்கு இது சரி. வீட்டுக்கு இவ்வளவு தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் இருக்கிறதே.

செய்தியைத் தமிழில் எழுதினால் வெறும் கேள்விக்குறியாக, இல்லாவிட்டால் கிறுக்கலாக வருகிறது.

பெட்டிக்குத் தமிழ் நன்றாகவே தெரியும், தப்பு ஃபைலைச் சேமித்த விதத்தில். விபிஸ்கிரிப்ட் ஃபைலை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்தால் அதற்குப் படிக்கத் தெரியாது. நோட்பேடில் 'சேவ் ஆஸ்' போய்க் கீழே என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-16 எல்இ என்று மாற்றுங்கள், பழைய நோட்பேடில் இதுவே 'யூனிகோட்' என்ற பெயரில் இருக்கும். பவர்ஷெல்லுக்குக் கதை வேறு. விண்டோஸோடு வரும் 5.1 பதிப்புக்கு 'யூடிஎஃப்-8, பிஓஎம் உடன்' என்று சேமிக்க வேண்டும், பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் குறியீட்டைச் சொல்லும் அடையாளம்) இல்லாவிட்டால் அது பழைய ஆன்சி குறியீடு என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தையும் மூன்றாக உடைத்துக் காட்டும். பவர்ஷெல் 7-க்கு இந்தத் தொல்லை இல்லை. கறுப்பு விண்டோவில் (கட்டளை தட்டும் கமாண்ட் பிராம்ப்ட்) தமிழ் பிய்ந்து தெரிகிறதே என்று அதைச் சரிசெய்யக் கிளம்பாதீர்கள், அங்கே எப்படித் தெரிந்தாலும் பெட்டியில் ஒழுங்காக வந்தால் போதும்.

உபுண்டுவில் இதற்கு என்ன வழி? கிரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் வசதி) போட்டாலும் வர வேண்டும்.

இரண்டு வகை இருக்கிறது. மூலையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற அறிவிப்புக்கு நோட்டிஃபை-செண்ட். நிறுத்திக் கேள்வி கேட்பதற்கு ஜெனிட்டி (கேடிஈ டெஸ்க்டாப் ஆட்கள் என்றால் கேடயலாக்). ஜெனிட்டியில் இரட்டைக் கோடு குவெஸ்சன், இரட்டைக் கோடு டெக்ஸ்ட் என்று கொடுத்தால் ஆம் என்பதற்கு 0, இல்லைக்கு 1, நேரம் தீர்ந்தால் 5 திரும்பும். புரோக்ரஸ் என்று கொடுத்து எண்களைப் பைப்பில் ஊற்றினால் பட்டை நகரும், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரு பொடி விஷயம்: செய்தியில் & குறி வந்தால், உதாரணமாக கம்பெனி பெயரில், ஜெனிட்டி அதை மார்க்அப் (எழுத்தை அலங்கரிக்கும் குறி) என்று எடுத்துக்கொண்டு செய்தியையே விழுங்கிவிடும். இரட்டைக் கோடு நோ-மார்க்அப் சேர்த்துவிடுங்கள்.

நோட்டிஃபை-செண்டில் நேரம் கொடுத்தும் உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோம் அதைக் கண்டுகொள்வதில்லை என்று நிறையப் பேர் புலம்புகிறார்கள். உண்மைதான். அவசரத்தைக் கிரிட்டிக்கல் என்று வைத்தால் நீங்கள் மூடும்வரை நிற்கும்.

கிரான் விஷயம் மேலே சொன்ன ஷெட்யூலர் கதையேதான். கிரானுக்கு உங்கள் திரை எது என்றே தெரியாது. பெட்டிக்கு டிஸ்ப்ளே என்ற மாறியில் முக்காற்புள்ளி 0 என்று தர வேண்டும் (சிலருக்கு 1, டெர்மினலில் எக்கோ செய்து பாருங்கள்). நோட்டிஃபை-செண்டுக்கு டிபஸ் (புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) செஷன் முகவரியும் வேண்டும், உங்கள் பயனர் எண் 1000 என்றால் ரன், யூசர், 1000, பஸ் என்ற பாதை. அத்துடன் உங்கள் கிரான்டேபில் (கிரானின் வேலைப் பட்டியல்) போடுங்கள், ரூட்டின் கிரான்டேபில் வேண்டாம்.

மேக்கில்?

ஓஎஸ்ஏஸ்கிரிப்ட் என்ற கட்டளை. டிஸ்ப்ளே டயலாக் என்றால் நின்று கேட்கும், டிஸ்ப்ளே நோட்டிஃபிகேஷன் என்றால் மூலையில் வந்துபோகும், 2013-இல் வந்த மேவரிக்ஸ் என்ற மேக் பதிப்பிலிருந்து உண்டு. டயலாக்கில் கேன்சல் அழுத்தினால் கழித்தல் 128 என்று எரர் காட்டும், பயப்படாதீர்கள், அது 'வேண்டாம்' என்ற பதில்தான், ஸ்கிரிப்டில் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.