பதில்: லண்டனிலிருந்து போலந்து திரும்பியபின் கணவருக்கு ஊர் ஒட்டவில்லை

வணக்கம் சகோதரி. எட்டு வருட லண்டன் வாழ்க்கைக்குப் பிறகு கணவரின் சொந்த ஊரான வ்ரோத்ஸ்வாஃபுக்கு வந்தும், உங்களைவிட அவர்தான் முகம் வாடியிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நடக்கக்கூடியதுதான். நீங்கள் புது ஊர் என்று தெரிந்தே வந்தீர்கள். அவர் விட்டுப்போன ஊர் அப்படியே இருக்கும் என்று நம்பி வந்திருக்கிறார். "லண்டனில் இப்படி இல்லை" என்ற பேச்சு பழைய நண்பர்களுக்குப் பீற்றலாகத்தான் கேட்கும். 2004க்குப் பிறகு பிரிட்டன் போய்த் திரும்பிய போலந்துக்காரர்கள் ஏராளம். அவர்களிடம் புலம்பட்டும், புரிந்துகொள்வார்கள்.

வரியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். திரும்பி வருவோருக்கு 2022 முதல் 'உல்கா நா போவ்ரூத்' என்ற சலுகை இருக்கிறது: சம்பளத்தில் ஆண்டுக்கு 85,528 ஸ்வோட்டி (போலந்து நாணயம்) வரை, தொடர்ந்து 4 ஆண்டுகளுக்கு வருமான வரி கிடையாது. வருவதற்கு முன் 3 முழு காலண்டர் ஆண்டுகள் வெளிநாட்டில் வசித்திருக்க வேண்டும். பிரிட்டனில் தொடர்ந்து வசித்ததால், போலந்துக் குடியுரிமை இல்லாத உங்களுக்கும் கிடைக்க வாய்ப்புண்டு, கணக்காளரிடம் கேளுங்கள். லண்டன் வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவைதான் சான்று.

மகனுக்குப் பள்ளியில் கூடுதல் போலிஷ் வகுப்பு இலவசம். கேட்டு வாங்குங்கள். ஞாயிறன்று பெரிய கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் (எனக்கு இன்னும் எரிச்சல்தான்), அவசரத்துக்கு ஜாப்கா என்ற சின்னக் கடைகள் உண்டு.