லூர்தில் இறங்கிய அன்றைக்கே எல்லாம் முடிய வேண்டுமா?

கேள்வி: செப்டம்பரில் ஒரு குழுவோடு பிரான்சின் லூர்து நகருக்குத் திருப்பயணம் போகிறோம். அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை, மூட்டுவலி இரண்டும் உண்டு. இரவெல்லாம் விமானம், மறுநாள் மதியம் லூர்து. அன்றே மலைச் சிலுவைப்பாதை, நற்கருணைப் பவனி, இரவு மெழுகுவர்த்திப் பவனி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். அம்மாவோ அன்று உபவாசம் இருந்து, போனதும் ஊற்று நீரில் குளிக்க வேண்டும் என்கிறார். வேண்டாம் என்றால் கோபம் வருகிறது. எனக்கும் ஒரு பயம்: அவ்வளவு தூரம் போய் எனக்கு ஒன்றுமே தோன்றாமல் போனால்?

பதில்: அன்புச் சகோதரி, உபவாசத்தை முதலில் பார்த்துவிடுவோம். திருச்சபைச் சட்டப்படி உபவாசக் கடமை 18 வயதில் தொடங்குகிறது, 59 வயது நிறைந்ததும் முடிகிறது. நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாமல் இருக்கும் விதியிலிருந்துகூட முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. சர்க்கரை உள்ளவர் விமானப் பயணம் முடித்து வெறும் வயிற்றோடு நடப்பதை எந்தப் பங்குத்தந்தையும் பக்தி என்று சொல்லமாட்டார். நீங்கள் சொன்னால் கோபப்படுவார் என்றால், உங்கள் பங்குத்தந்தையையே சொல்லச் சொல்லுங்கள். மகள் பேச்சைவிட அது எடுபடும்.

அடுத்தது குளியல். ஊற்று நீர் சுமார் 12 டிகிரிதான் இருக்கும், நல்ல ஜில்லிப்பு. வரிசையிலும் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். கோவிட் காலத்தில் நீரில் முழுகுவதை நிறுத்திவிட்டு, நீரைக் கையில் வாங்கி முகம் கழுவி, கொஞ்சம் குடிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அது இன்னும் இருக்கிறது. முழுக்கும் உண்டா, எந்த நாளில், எப்படி என்பதை அங்கே போனதும் விசாரித்து, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அம்மாவின் மனம் ஆற வேண்டும் என்றால், மாதா காட்சி தந்த குகையான கெபிக்குப் பக்கத்திலேயே குழாய்கள் இருக்கின்றன. அந்த நீரும் அதே ஊற்றிலிருந்து வருவதுதான், காசு கிடையாது.

மலைச் சிலுவைப்பாதையை முதல் நாள் வேண்டாம் என்று துணிந்து சொல்லிவிடுங்கள். கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர், ஏற்றமும் கல்லுமான பாதை. மூட்டுவலிக்காரர் அதில் ஏறி இறங்கினால் மீதி நாட்கள் அறையில்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சமதளப் புல்வெளியில் வெள்ளைப் பளிங்குச் சிலைகளோடு இன்னொரு சிலுவைப்பாதை, நடக்க முடியாதவர்களை மனதில் வைத்தே அமைத்தது, இருக்கிறது. மறுநாள் அங்கே கூட்டிப் போங்கள்.

சரி, அன்றைக்கு என்னதான் செய்வது? சாப்பாடு, மாத்திரை, இரண்டு மணி நேரத் தூக்கம். மாலையில் கெபி. அவ்வளவுதான் என் திட்டம். போகும் வழியில் சிலைகளும் விதவிதமான பாட்டில்களுமாக அடுக்கிய கடைத்தெரு வரும். இதைப் பார்க்கவா வந்தோம் என்று சிலருக்கு முகம் சுருங்கிவிடும். எனக்கும் அந்தத் தெரு பிடிக்காது. திருத்தலத்தின் வாயிலைத் தாண்டியதும் அந்த இரைச்சல் நின்றுவிடும் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கெபியில் பாறையைத் தொட்டபடி மெல்ல நகர்ந்து போகலாம், பிறகு எதிரே பெஞ்சில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

ஒன்றும் தோன்றாவிட்டால் என்று கேட்டிருந்தீர்கள். 1858 பிப்ரவரி 11 அன்று மாதாவைக் காட்சியில் கண்ட 14 வயதுச் சிறுமி பெர்னதெத் அங்கே போனது விறகு பொறுக்க. ஆஸ்துமா இருந்ததால் குளிர்ந்த நீரில் கால் வைக்கத் தயங்கி, தங்கையும் தோழியும் கடந்துபோன பிறகும் இக்கரையிலேயே நின்றாள். காட்சி கண்டதும் பயத்தில் சிலுவை அடையாளம் போடக்கூட முதலில் கை எழவில்லை. அன்று மாதா அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. முதன்முதலாகப் பேசியது மூன்றாவது காட்சியில், பிப்ரவரி 18 அன்று. ஜெபமாலை சொன்னாள், விறகோடு வீட்டுக்குப் போனாள், முதல் நாள் அவ்வளவுதான். அவளுக்கே அப்படியென்றால், தூக்கக் கலக்கத்தோடு, அம்மாவின் மாத்திரை நேரத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கும் உங்களுக்கு அன்றே கண்ணீர் வர வேண்டும் என்று யார் சொன்னார்கள்? அம்மா அழுதால் அழட்டும். நீங்கள் பக்கத்தில் கொட்டாவி விட்டாலும் பாவமில்லை.

மதியம் தூங்கியிருந்தால் இரவு 9 மணி மெழுகுவர்த்திப் பவனிக்குப் போகலாம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தினமும் நடப்பதால் அன்று தவறினாலும் நஷ்டமில்லை. ஐந்து மணி நற்கருணைப் பவனியை மறுநாளுக்கு விடுங்கள். அதில் நோயாளிகளுக்கு ஆசீர் உண்டு, அம்மா தெம்பாக இருக்கும்போது பங்கெடுப்பதே நல்லது. பைரனீஸ் மலையடிவார ஊர் என்பதால் செப்டம்பரிலும் இரவு குளிரும், மழையும் வரும். சால்வை, குடை, இன்சுலின், மாத்திரை எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும்.

பவனிக் கூட்டத்தில் கை விட்டுப்போனால் எங்கே சந்திப்பது என்று பகலிலேயே அம்மாவுக்குக் காட்டிவிடுங்கள். ஜெபமாலைப் பேராலயத்துக்கு எதிரே முடிசூட்டிய மாதா சிலை இருக்கிறது, எல்லோருமே அங்கேதான் சந்திப்பார்கள். விடுதியின் முகவரிச் சீட்டு ஒன்று அம்மாவிடமும் இருக்கட்டும். நடக்க முடியாதவர்களுக்கென்று கையால் இழுக்கும் நீல நிற மூன்று சக்கர வண்டிகள் அங்கே உண்டு. அது அம்மாவுக்குக் கிடைக்குமா என்று குழுத் தலைவரை இப்போதே கேளுங்கள். அதே பேச்சில், முதல் நாள் மதியம் நாங்கள் இருவரும் அறையில்தான் இருப்போம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.