எம்.ஆர்.ஐ நார்மல்; அப்படியும் பார்க்கின்சனா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. எட்டு மாதமாக வலது கை நடுங்குகிறது. நரம்பியல் மருத்துவர் பார்க்கின்சன் என்கிறார். எம்.ஆர்.ஐயோ நார்மல் என்று வந்திருக்கிறது. ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ எடுத்தால் உறுதியாகத் தெரியுமா?

பதில்: ஸ்கேன் நார்மல் என்பதால் மருத்துவர் சொன்னது தவறாகிவிடாது. நடுமூளையில், உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால் வரும் நோய் இது. அந்த அழிவு வழக்கமான எம்.ஆர்.ஐயில் பெரும்பாலும் தெரியாது. பிறகு எதற்கு எடுத்தார்கள்? பக்கவாதம், கட்டி, மூளையில் நீர் கோத்தல் என்று வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ, மூளையில் வேலை நடக்கும் இடத்தில் ரத்த ஓட்டம் மாறுவதைப் பிடிப்பது. 1995-இல் பரத் பிஸ்வால் என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் இதை வைத்து ஒன்றைக் கண்டார்கள்: விரலைக்கூட அசைக்காமல் சும்மா படுத்திருக்கும்போதும், கையை இயக்கும் இடது, வலது மூளைப் பகுதிகளில் அந்த ரத்த ஓட்டம் சேர்ந்தே ஏறி இறங்குகிறது. எனக்கு இன்றைக்கும் வியப்பு அடங்காத விஷயம் அது. பார்க்கின்சன் நடுக்கத்தில் சிறுமூளைக்கும் பங்கு உண்டு என்பதையும் இந்த வகை ஆய்வுகள் காட்டின. ஆனால் அதெல்லாம் பலருடைய படங்களைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது. தனி ஒருவரின் படத்தைப் பார்த்து நோயை உறுதி செய்ய இன்னும் வழியில்லை. தலை கொஞ்சம் ஆடினாலே படம் கெட்டுவிடும் என்பது வேறு. அப்பாவுக்கு இது வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால், மூளையின் டோபமின் நரம்பு முனைகளைப் படம் பிடிக்கும் டாட் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். அந்த முனைகள் நன்றாக இருந்தால் படத்தில் இரண்டு பக்கமும் கால்புள்ளி போலத் தெரியும். பார்க்கின்சனில் வால் மங்கி, முற்றுப்புள்ளி போலச் சுருங்கிவிடும். பரம்பரையாக வரும் சாதாரண கைநடுக்கத்தில் கால்புள்ளி அப்படியே இருக்கும். பார்க்கின்சனைப் போன்ற வேறு சில நோய்களிலும் வால் மங்கும் என்பதால், இதுவும் கடைசித் தீர்ப்பு ஆகாது.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொல்லியிருப்பார் மருத்துவர். முதல் சில தட்டல்கள் அகலமாக இருந்து, போகப் போகச் சிறுத்துத் தடுமாறினால் அது பார்க்கின்சனுக்குப் பெரிய சான்று. மடியில் சும்மா வைத்திருக்கும்போது நடுங்கி, எதையாவது எடுக்கப் போனால் நடுக்கம் அடங்குகிறதா? நடக்கும்போது வலது கை வீசாமல் இருக்கிறதா? இவையும் அதற்கான அடையாளங்கள்தான்; வீட்டில் பார்த்து வீடியோ எடுத்து வையுங்கள்.

அப்புறம், தலைச்சுற்றலுக்குத் தரும் சினரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு போன்றவையும் இதே மாதிரி நடுக்கத்தைக் கொண்டுவரும். அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் அடுத்த முறை கையோடு எடுத்துப் போங்கள். அதுவரை நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.